காலனிக் காலத்து ஸ்வாஹிலிக் காவியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1880களில் ஜெர்மானியர்களும் பிரிட்டிஷாரும் கிழக்கு ஆப்பிரிக்கக் கடற்கரையைப் பங்கு போட்டுக்கொண்டபோது, அங்கே எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு சமூகம் ஏற்கெனவே இருந்தது. இன்றைய கென்யா, தான்சானியா கரையோர ஊர்களில் வாழ்ந்த ஸ்வாஹிலி முஸ்லிம்கள்தான் அவர்கள். நீண்ட கதைப்பாடல் எழுதும் மரபு அவர்களிடம் இருந்தது. தங்கள் ஊர் பறிபோனதையும் அந்தப் பாட்டிலேயே எழுதி வைத்தார்கள். காலனியப் போர்களைப் பற்றி நாம் படிப்பதெல்லாம் பெரும்பாலும் வென்றவர்களின் அறிக்கைகள். இங்கே தோற்ற பக்கத்தின் குரலும் எழுத்தில் கிடைக்கிறது. ஆனால் நாம் எதிர்பார்க்கிற விதத்தில் அது பேசுவதில்லை. கீழே உள்ள பதில்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான்.

உத்தென்ஸி என்கிறார்களே, அது என்ன?

ஸ்வாஹிலியில் நீண்ட கதைப்பாடலுக்கும் அறிவுரைப் பாடலுக்கும் பொதுவான பெயர் அது. லாமு, பாத்தே முதலிய வடக்குத் தீவுகளில் உத்தெண்டி என்பார்கள், தெற்கே உத்தென்ஸி. பன்மையில் தென்ஸி. நூறு பாட்டில் முடிவதும் உண்டு, ஆயிரத்தைத் தாண்டுவதும் உண்டு. போர்க்கதை, நபிமார் வரலாறு, தாய் மகளுக்குச் சொல்லும் புத்திமதி என்று எல்லாமே இதற்குள் வரும். காவியம் என்று நாம் சொல்வது ஒரு வசதிக்குத்தான். வருணனை குறைவு, ஓட்டம் அதிகம்.

யாப்பு எப்படி இருக்கும்?

ஒரு பாட்டுக்கு நான்கு துண்டுகள், ஒவ்வொரு துண்டுக்கும் எட்டு அசை. முதல் மூன்று துண்டுகளும் ஒரே இயைபில் முடியும். நான்காவது வேறு ஒலியில் முடியும். அந்த நான்காவது ஒலி காவியம் முழுக்க மாறவே மாறாது. ஆயிரம் பாட்டு இருந்தாலும் ஆயிரம் முறையும் அதே முடிவுதான்.

1858-ல் முவானா குபோனா என்ற பெண் தன் மகளுக்காக எழுதிய உத்தெண்டியின் தொடக்கம் இது:

நெகேமா வாங்கு பிந்தி
ம்சசேஃபு ஹசனாதி
உபுலிகே வசியாதி
அசா உகசிங்காதியா

மகளே, அருகில் வா, நான் சொல்லிவிட்டுப் போவதைக் கேள், ஒருவேளை நீ மனதில் கொள்வாய் என்பது சாரம். மூன்றாவது துண்டை எண்ணிப் பாருங்கள்: உ, பு, லி, கே, வ, சி, யா, தி. எட்டு. முதல் மூன்றும் 'தி'யில் முடிகின்றன, நான்காவது 'யா'வில். இனிக் கடைசிப் பாட்டு வரைக்கும் நான்காவது துண்டு 'யா'வில்தான் முடியும். சபையில் ஒருவர் ராகமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கும்போது இந்த ஒலிதான் பாட்டு முடிந்ததைக் காதுக்குச் சொல்லும்.

இறைவன் பெயரைச் சொல்லித் தொடங்குவது, காகிதமும் மையும் கொண்டுவரச் சொல்வது, கடைசியில் தன் பெயரைச் சொல்லிப் பிழை பொறுக்கும்படி கேட்பது எல்லாம் வழக்கமான சடங்குகள். காலனிக் காலத்துக் கவிஞர்களும் இவற்றை விடவில்லை.

ஐரோப்பியர் வருவதற்கு முன் எதைப் பாடினார்கள்?

பெரும்பாலும் இஸ்லாத்தின் தொடக்கக் காலப் போர்களை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய காவியங்களில் ஒன்று உத்தெண்டி வா தம்புகா. பாத்தே தீவைச் சேர்ந்த ம்வெங்கோ வா அத்துமானி 1728-ல் எழுதியது. நபிகள் காலத்துத் தபூக் படையெடுப்பையும் பைசாந்தியப் பேரரசர் ஹெராக்ளியஸையும் பற்றியது. அரபியில் வழங்கிய போர்க்கதைகள்தான் மூலம். தமிழ் முஸ்லிம் புலவர்களின் படைப்போர் நூல்களும் இதே அரபுக் கதைக் கூட்டத்திலிருந்து கிளைத்தவை என்பதால், அவற்றைப் படித்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாக இருக்காது. ஒரு பக்கம் ஈமான் (இறைநம்பிக்கை) கொண்ட சிறு படை, எதிரே காஃபிர்களின் பெரும்படை. கடைசியில் யார் வெல்வார்கள் என்பதில் சந்தேகமே இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜெர்மானியர் வந்த பிறகு சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அப்படியானால் நடப்புச் சண்டையைப் பாட ஜெர்மானியர் வரவேண்டியிருந்ததா?

இல்லை. 1870களில் மொம்பாசாவின் ஜீசஸ் கோட்டைத் தளபதி முஹம்மது பின் அப்துல்லா, கடற்கரையை ஆண்ட சான்சிபார் தீவின் சுல்தான் பர்காஷோடு முரண்பட்டுக் கோட்டைக்குள் உட்கார்ந்துகொண்டார். அல்-அக்கீதா என்றுதான் ஊரில் அவருக்குப் பெயர். சுல்தானுக்கு ஆதரவாக 1875 ஜனவரியில் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கோட்டையைப் பீரங்கியால் தாக்கின, அவர் சரணடைந்தார். இதை மஸ்ருயி குலத்தைச் சேர்ந்த அப்துல்லா பின் மசூத் உத்தென்ஸியாகப் பாடினார். 1837-ல் பர்காஷின் தந்தையான ஓமானிய சுல்தானிடம் மொம்பாசாவை இழந்த குலம் அது. ஆகவே அவருக்கு அந்தச் சண்டையில் இருந்த அக்கறை வெறும் பார்வையாளனுடையது அல்ல. புனிதப் போர்களுக்கென்று இருந்த பாட்டை ஊர் அரசியலுக்குத் திருப்பும் வேலை இப்படி உள்ளூர் அதிகாரச் சண்டையிலேயே நடந்து முடிந்திருந்தது.

1888-ல் என்ன நடந்தது?

சான்சிபார் சுல்தான் கலீஃபா தன் நிலப்பகுதிக் கடற்கரையின் நிர்வாகத்தையும் சுங்க வசூலையும் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டார். ஆகஸ்ட் நடுவில் கம்பெனி ஆட்கள் ஊர் ஊராக வந்து இறங்கினார்கள். பங்கானியில் எமில் ஃபான் செலெவ்ஸ்கி என்பவர் சுல்தானின் கொடியோடு கம்பெனிக் கொடியும் பறக்கவேண்டும் என்று நின்றார். சுல்தானின் ஆளுநரைத் தேடி ஜெர்மானியர்கள் பள்ளிவாசலுக்குள் நாய்களோடு நுழைந்தார்கள். ஊர் பொங்கியது.

கிளர்ச்சிக்கு அபுஷிரி பின் சலீம் அல்-ஹார்த்தி தலைமை ஏற்றார். கரும்புத் தோட்டம் வைத்திருந்தவர், சுல்தானுக்கும் முன்பே ஆகாதவர். சில வாரங்களில் பகமோயோ, டார் எஸ் சலாம் தவிரக் கம்பெனிக்குக் கரையில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. கம்பெனியால் முடியாது என்றானதும் ஜெர்மன் நாடாளுமன்றம் 1889 ஜனவரியில் 20 லட்சம் மார்க் ஒதுக்கியது. ஹெர்மன் ஃபான் விஸ்மான் எகிப்தில் சுமார் 600 சூடானியப் படைவீரர்களையும், மொசாம்பிக்கிலிருந்து வேறு சில நூறு பேரையும் திரட்டிக்கொண்டு வந்தார். ஜெர்மானியர்களுக்காகச் சுட்டவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்களே. 1889 டிசம்பர் 15 அன்று அபுஷிரி பங்கானியில் தூக்கிலிடப்பட்டார். சாதானியின் தலைவர் புவானா ஹேரி மட்டும் அடுத்த ஆண்டு வரை தாக்குப்பிடித்துப் பிறகு பணிந்தார்.

இதைப் பாடியவர் யார்?

ஹெமெதி பின் அப்துல்லா அல்-புஹ்ரி. தாங்கா பகுதியைச் சேர்ந்த மார்க்கக் கல்விக் குடும்பம். அவருடைய மகன் ஷேக் அலி பின் ஹெமெதி பிற்காலத்தில் அங்கே பெயர்பெற்ற மார்க்க அறிஞர், காதி. ஹெமெதி தொழில்முறைப் போர்க்கவி அல்ல. கர்பலா போரில் தோற்று இறந்த நபியின் பேரர் ஹுசைன் பற்றியும், காதி காசிம் பற்றியும், அப்துர்ரஹ்மான், சுஃபியான் பற்றியும் மரபான உத்தென்ஸிகள் எழுதியவர். அந்தக் கையே தன் கண்முன் நடந்த போரையும் எழுதியது. ஜெர்மானியர் ம்ரீமாவைக் கைப்பற்றிய போரின் உத்தென்ஸி என்று அந்தப் பாட்டைச் சொல்கிறார்கள். ம்ரீமா என்பது சான்சிபாருக்கு எதிரே உள்ள நிலக்கரை.

அவர் பாட்டின் சிறப்பு என்ன?

ஜெர்மானியர்களை அவர் காஃபிர்கள் என்கிறார். இது வசை மட்டுமல்ல. அந்தச் சொல்லை வைத்ததும் விஸ்மானும் செலெவ்ஸ்கியும், தம்புகா காவியத்தில் ஹெராக்ளியஸ் நின்ற இடத்தில் போய் நிற்கிறார்கள். கேட்கிறவர்களுக்குக் கதையின் தடம் உடனே பிடிபட்டுவிடும். கொடி, தூது, வாக்குவாதம், படை திரட்டல், மோதல் என்று எல்லாமே பழகிய வரிசை.

ஆனால் பழைய காவியங்களில் ஈமான் கொண்டவர்கள் தோற்பதில்லை. இங்கே தோற்றுவிட்டார்கள். என் பார்வையில் ஹெமெதியின் கவிதையில் மிகவும் சுவையான இடம் இதுதான். யாப்பு வெற்றிக்கென்று உருவானது, செய்தியோ தோல்வி. அவர் யாப்பை மாற்றவில்லை, எட்டு அசையும் குறையவில்லை, நான்காவது துண்டின் ஒலியும் தடுமாறவில்லை. அதே கம்பீரத்தில் கப்பல் வருகிறது, பீரங்கி வெடிக்கிறது, ஊர் விழுகிறது. ஹுசைனைப் பற்றி எழுதிய அனுபவம் அவருக்குக் கைகொடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நியாயம் ஒரு பக்கம் இருக்க வெற்றி இன்னொரு பக்கம் போவதைப் பாட அந்த மரபில் இருந்த ஒரே முன்மாதிரி கர்பலாதான்.

பாட்டு நெடுநாள் கையெழுத்தாகவே இருந்தது. 1950களில்தான் ஜே. டபிள்யூ. டி. ஆலன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி ஆங்கில மொழிபெயர்ப்போடு அதை அச்சிட்டார். ஜெர்மானியர்களைக் காஃபிர் என்று ஏசும் பாட்டை அவர்களுக்குப் பின் வந்த பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அச்சிடுவதில் யாருக்கும் சங்கடம் இருந்திருக்காது.

ஜெர்மானியர்களைப் புகழ்ந்தும் பாடினார்களாமே?

ஆமாம், நிறையவே. பெர்லினில் ஸ்வாஹிலி கற்பித்த கார்ல் ஃபெல்டன், காலனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த காலத்தில் சேர்த்த கவிதைகளை முதல் உலகப் போர்க் காலத்தில் வெளியிட்டார். அவற்றில் ஆளுநர்களுக்கு வாழ்த்து உண்டு, ஜெர்மானியப் படையின் வலிமையை வியக்கும் பாட்டு உண்டு. கில்வா பகுதியில் எதிர்த்து நின்று 1895-ல் தூக்கிலிடப்பட்ட ஹசன் பின் ஓமரி மக்குங்கன்யாவைப் பற்றிய பாட்டும் உண்டு.

இவற்றைப் படித்துவிட்டு 'துரோகிகள்' என்று முடிவு கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவசரப்பட வேண்டாம். ஆள்பவரைப் புகழ்ந்து பாடிப் பரிசு வாங்குவது ஸ்வாஹிலி ஊர்களில் ஜெர்மானியர் வருமுன்பே இருந்த தொழில். சுல்தான் இருந்த இடத்தில் புதிய எஜமான் வந்தான், பாட்டும் முகவரி மாறியது. இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். இந்தக் கவிதைகள் ஒரு ஜெர்மன் அதிகாரிக்காக எழுதப்பட்டு, அவரிடமே ஒப்படைக்கப்பட்டவை. அவர் கையில் எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக்கூடாது என்று கவிஞனுக்குத் தெரியாதா என்ன? ஹெமெதியின் பாட்டு அந்த வழியில் போகாமல் குடும்பத்துக்குள் தங்கியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால், யாருக்காக எழுதப்பட்டது என்பது யார் எழுதினார் என்பதைவிட முக்கியம் என்று புரியும்.

மாஜி மாஜி எழுச்சியைப் பற்றிய காவியம் கிளர்ச்சியாளர்களைத் திட்டுகிறது என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான். அதனால்தான் அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும்.

1905 ஜூலையில் மதும்பி மலைப்பகுதியில் மக்கள் கட்டாயப் பருத்திச் செடிகளைப் பிடுங்கி எறிந்ததிலிருந்து எழுச்சி தொடங்கியது. ங்காராம்பே என்ற ஊரில் கிஞ்ஜிகிடிலே ங்வாலே என்பவர் மந்திர நீர் தந்தார். அதை அருந்தினால் ஜெர்மானியரின் தோட்டா தண்ணீராகிவிடும் என்ற நம்பிக்கை பரவியது. மாஜி என்றால் தண்ணீர். ஜெர்மானியர்கள் அவரை ஆகஸ்ட் தொடக்கத்திலேயே தூக்கிலிட்டார்கள். ஆனாலும் எழுச்சி காலனியின் தெற்குப் பகுதி முழுக்கப் பரவி 1907 வரை நீடித்தது. படைகள் பயிரையும் களஞ்சியங்களையும் எரித்தன. சண்டையில் செத்தவர்களைவிடப் பஞ்சத்தில் செத்தவர்கள் அதிகம். ஜெர்மானிய அதிகாரபூர்வக் கணக்கே 75,000 என்றது. பிற்கால வரலாற்றாசிரியர்களில் சிலர் 2,50,000 முதல் 3,00,000 வரை சொல்கிறார்கள்.

தென்கடற்கரை ஊரான லிண்டியைச் சேர்ந்த அப்துல் கரீம் பின் ஜமாலித்தீனி இதை 300-க்கும் மேற்பட்ட பாட்டுகளில் பாடினார். கிளர்ச்சியாளர்களை அவர் அறிவற்றவர்கள் என்கிறார், மந்திர நீரை நம்பியதை எள்ளுகிறார். இதில் ஜெர்மானியப் பாசத்தைத் தேடவேண்டியதில்லை. கடற்கரை முஸ்லிம் நகரத்தார் உள்நாட்டு மக்களைக் காலங்காலமாக வஷென்ஸி, அதாவது நாகரிகம் இல்லாதவர்கள் என்றுதான் அழைத்தார்கள். தங்களை வவுங்வானா, மேன்மக்கள், என்றார்கள். ஜெர்மானியர்கள் தங்கள் வரி வசூலுக்கும் கட்டாய வேலைக்கும் அக்கீதா என்ற பதவியில் பெரும்பாலும் கடற்கரை ஆட்களைத்தான் உள்நாட்டில் நியமித்தார்கள். எழுச்சி வந்தபோது மக்கள் முதலில் பாய்ந்தவர்களில் இந்த அக்கீதாக்களும் கடற்கரை வியாபாரிகளும் உண்டு. அந்தப் பயம் பாட்டில் இருக்கிறது.

அப்புறம் பாட்டு போகப்போக இன்னொன்றும் தெரியும். தூக்கு மரங்களையும் பசியையும் ஊர்களின் நாசத்தையும் கவிஞர் விடாமல் சொல்கிறார். ஆட்சியாளர்களுக்கு நன்றி என்று அவர் முடிக்கவில்லை. கிளர்ச்சியாளர்களை முட்டாள்கள் என்று திட்டிய பாதுகாப்பில் நின்றுகொண்டு, ஆட்சியாளர்களின் கொடுமையையும் எண்ணிச் சொல்லிவிட்டுப் போகிறார். இதைத் தந்திரம் என்று படிக்கலாம், இரண்டு பக்கத்தையும் வெறுத்த ஒரு நகரத்து ஆளின் உண்மையான மனநிலை என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. தான்சானியா விடுதலை அடைந்த பிறகு மாஜி மாஜி எழுச்சி தேசிய வரலாற்றின் முதல் அத்தியாயமாக ஆகிவிட்டது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் காவியத்தைப் படித்தால் எரிச்சல்தான் வரும்.

ஒரு கவிதையாக இது சுமார்தான். எந்த ஊரில் யார் வந்தார்கள், யார் ஓடினார்கள் என்று பட்டியல் போல ஓடும் இடங்கள் அதிகம். ஜெர்மன் மொழிபெயர்ப்போடு 1933-லும் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1957-லும் வெளிவந்தது.

வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், ஆனால் தேதிக்கும் தலை எண்ணிக்கைக்கும் அல்ல. எட்டு அசைக்குள் அடங்காத பெயர் நசுங்கும், இயைபுக்காக ஊர் வரிசை மாறும். யார் யாரை எப்படி அழைத்தார்கள், எது அவமானமாகப் பட்டது, சுல்தான் மீது கோபமா ஜெர்மானியர் மீது கோபமா என்பதற்கெல்லாம் இவற்றைவிட நல்ல சான்று கிடையாது. பங்கானியில் கொடி ஏற்றியது ஜெர்மானிய அறிக்கையில் ஒரு நிர்வாக நடவடிக்கை. கரையோரத்தாருக்கு அது மரியாதைப் பிரச்சினை.

எந்த எழுத்தில் எழுதினார்கள்?

அரபு எழுத்தில். ஸ்வாஹிலியின் ப (p), வ (v), ச (ch) போன்ற ஒலிகளுக்கு அரபியில் நேரான எழுத்து இல்லை. எ, இ இரண்டுக்கும் ஒரே குறி, ஒ, உ இரண்டுக்கும் ஒரே குறி. ம்ப, ண்ட, ங்க என்று வரும் இடங்களில் மூக்கொலியை எழுதாமல் விடுவதும் வழக்கம். பாட்டு ஏற்கெனவே தெரிந்தவருக்கு இது ஒரு தொல்லையே இல்லை. தெரியாதவர் எழுத்துக்கூட்டினால் ஒரே வரியை இரண்டு மூன்று விதமாகப் படிக்கலாம். ஐரோப்பியப் பதிப்புகளில் காணும் வேறுபாடுகளில் பல இங்கிருந்து வந்தவை.

ஜெர்மானியர் காலத்துப் பள்ளிகளும் செய்தித்தாள்களும் லத்தீன் எழுத்தைப் பரப்பின. பிரிட்டிஷார் அதை நிலைநிறுத்தினார்கள்.

கிஜுமா என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, யார் அவர்?

முஹம்மதி கிஜுமா, லாமு தீவுக்காரர். 1855 வாக்கில் பிறந்து 1945-ல் மறைந்தவர். கவிஞர், பாடகர், ஆட்டக்காரர், மரச்சிற்பி, எல்லாவற்றுக்கும் மேலாக அருமையான கையெழுத்துக்காரர். லாமு வந்த ஐரோப்பிய அறிஞர்கள் பலரும் இவர் வீட்டுக் கதவைத் தட்டியவர்கள்தான். ஆலிஸ் வெர்னர், வில்லியம் ஹிச்சன்ஸ், 1930களில் வந்த எர்ன்ஸ்ட் டம்மன் எல்லோருக்கும் பழைய பாட்டுகளைப் பிரதி எடுத்து, வண்ண மையில் ஓரம் போட்டு, விலைக்குக் கொடுத்தார். ஜெர்மன் மிஷனரிகளோடு பழகிக் கிறிஸ்தவ மதத்துக்கு மாறியதால் மஸீஹீ, அதாவது கிறிஸ்தவர், என்ற அடைமொழியும் சேர்ந்துகொண்டது. முஸ்லிம் அறிஞர்கள் நிறைந்த அந்தச் சிறிய ஊரில் அது எவ்வளவு பேச்சைக் கிளப்பியிருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

1913-ல் அவர் எழுதித் தந்த ஃபூமோ லியோங்கோ காவியம்தான் இன்று பரவலாகப் படிக்கப்படுவது. லியோங்கோ பழங்கால வீரன், கவிஞன், பாத்தே அரசன் கண்டு அஞ்சும் அளவுக்கு வலிமை. அரசன் அவனைச் சிறையில் போடுகிறான். லியோங்கோ ஒரு பாட்டைக் கட்டி அடிமைப் பெண் சாதாவிடம் சொல்லி அனுப்புகிறான். காவலர்களுக்கு அது வெறும் பாட்டு. தாய்க்கோ, தவிட்டு ரொட்டிக்குள் அரம் வைத்து அனுப்பு என்ற செய்தி. நல்ல ரொட்டி என்றால் காவலர்கள் பிடுங்கித் தின்றுவிடுவார்கள், தவிடு என்றால் தொடமாட்டார்கள். கடைசி ஆசையாகக் குங்கு ஆட்டத்துக்கு ஏற்பாடு செய்யச் சொல்கிறான். மேளமும் கொம்பும் முழங்க, உள்ளே அவன் விலங்கை அராவுகிறான். சத்தம் வெளியே கேட்காது.

அவனை எந்த ஆயுதமும் கொல்லாது, தொப்புளில் செப்பு ஊசி குத்தினால் மட்டுமே சாவான். அந்த ரகசியத்தைச் சொந்த மகனே அரசனின் ஆசைவார்த்தைக்கு மயங்கிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, தூங்கும்போது குத்திவிடுகிறான். லியோங்கோ வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு ஊர்க் கிணற்றடிக்குப் போய் மண்டியிட்டு, அம்பைப் பூட்டிய நிலையிலேயே உயிர் விடுகிறான். அவன் இன்னும் உயிரோடிருக்கிறான் என்று பயந்து பல நாள் யாரும் தண்ணீர் எடுக்கப் போகவில்லை.

இதில் ஜெர்மானியரும் இல்லை, பிரிட்டிஷாரும் இல்லை. ஆனால் காகிதத்தில் இந்த வடிவம் பெற்றது காலனிக் காலத்தில், வெளிநாட்டு வாசகர் ஒருவருக்காக. ஆகவே இதையும் காலனிக் காலக் கவிதை என்றுதான் நான் எண்ணுகிறேன். அந்தச் சந்தை இல்லாவிட்டால் கிஜுமாவின் பிரதிகள் இத்தனை இருந்திருக்காது.

கையெழுத்துப் பிரதிகள் இப்போது எங்கே?

சிதறிக் கிடக்கின்றன. மிஷனரி கிராஃப் 1850களிலேயே தம்புகா காவியப் பிரதியை ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார். லண்டன், ஹாம்பர்க், பெர்லின் நூலகங்களில் கணிசமானவை உள்ளன. டார் எஸ் சலாம் பல்கலைக்கழகத்தில் ஆலன் சேகரித்த பெரிய தொகுப்பு இருக்கிறது. மொம்பாசாவில் முபாரக் அலி ஹினாவி என்ற உள்ளூர் அறிஞர், கடற்கரையின் லிவாலி என்ற அரசுப் பதவியில் இருந்தபடியே சேகரித்தார். அல்-அக்கீதா பாட்டு அச்சேறியதற்கு அவர்தான் காரணம்.

பெண்களுக்கு இதில் பங்கு உண்டா?

உண்டு. முவானா குபோனாவைப் பற்றி மேலே பார்த்தோம். அவர் கணவர் சியு ஊரின் ஆட்சியாளர், சான்சிபார் சுல்தானை எதிர்த்துப் போரிட்டவர். ஆனால் பாட்டில் போர் இல்லை. நோயாளித் தாய் மகளுக்குச் சொல்லும் அறிவுரை, கணவனிடம் எப்படி நடந்துகொள்வது என்பது உட்பட. இன்றைய வாசகிகள் சிலருக்கு அது கசக்கும், சிலர் அதில் மெல்லிய கிண்டல் இருப்பதாகப் படிக்கிறார்கள். காலனிக் காலத்தில் பெண்கள் பிரதிகளைப் பாதுகாத்தார்கள், வீட்டுக்குள் கூடி ஓதினார்கள். போரைப் பாடியவர்களாக நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் ஆண்கள்தான்.

பிரிட்டிஷ் ஆட்சியில் என்ன மாறியது?

போரைவிட மொழிக்கொள்கைதான் அதிகம் மாற்றியது. 1928-ல் மொம்பாசாவில் கூடிய மாநாடு சான்சிபார் வழக்கைப் பொது ஸ்வாஹிலிக்கு அடிப்படையாகத் தேர்ந்தெடுத்தது. 1930-ல் ஒரு மொழிக்குழு அமைந்து பாடநூல்களுக்கு ஒப்புதல் முத்திரை குத்தத் தொடங்கியது. காவிய மரபு பெரும்பாலும் வளர்ந்தது லாமு, மொம்பாசா வழக்குகளில். அவை ஒரே நாளில் 'வட்டார வழக்கு' ஆகிவிட்டன. பள்ளிக்கூடத்தில் படித்த பிள்ளைக்குத் தன் பாட்டி ஓதிய உத்தெண்டிக்கு அகராதி தேவைப்பட்டது. மொம்பாசாக்காரர்கள் அந்தக் கோபத்தை இன்னமும் விடவில்லை, விடவும் வேண்டியதில்லை.

மறுபக்கம், டார் எஸ் சலாமில் அரசு 1923-ல் தொடங்கிய மாம்போ லியோ இதழ் வாசகர் கவிதைகளுக்கு இடம் கொடுத்தது. கடற்கரையைத் தாண்டி உள்நாட்டில் பிறந்த ஆசிரியர்களும் குமாஸ்தாக்களும் அசை எண்ணிக் கவிதை எழுதக் கற்றார்கள். இதழில் நீண்ட உத்தென்ஸிக்கு இடம் போதாது. ஆகவே அங்கே செழித்தது ஷைரி என்ற குறும்பாட்டு.

ஷாபான் ராபர்ட் எங்கே வருகிறார்?

இங்கேதான். 1909-ல் தாங்கா அருகே பிறந்து 1962-ல் மறைந்த அவர், பங்கானியில் சுங்கத்துறை குமாஸ்தாவாக வேலையைத் தொடங்கியவர். அபுஷிரியின் போர் தொடங்கிய அதே ஊர், அதே சுங்கம். பிள்ளைகளுக்கு அறிவுரையாக, முவானா குபோனாவின் வழியில், இரண்டு உத்தென்ஸிகள் எழுதினார். பிறகு இரண்டாம் உலகப் போரை முழுதாகப் பாட உட்கார்ந்தார். அதன் பெயர் உத்தென்ஸி வா வீட்டா வ்யா உஹுரு, விடுதலைப் போரின் உத்தென்ஸி. சுமார் 3,000 பாட்டு. ஹிட்லரும் முசோலினியும் ஜப்பானும் எட்டசைக்குள் வந்து உட்கார்கிறார்கள்.

பிரிட்டனின் ஆளுகையில் இருந்த நாட்டில், பிரிட்டிஷ் அரசு ஊழியர் ஒருவர், பிரிட்டன் பக்கம் நின்று 'விடுதலைப் போர்' என்று பாடுகிறார். விசுவாசம் என்று அதிகாரிகள் நினைத்திருப்பார்கள். உலகத்துக்கெல்லாம் விடுதலை வேண்டும் என்று 3,000 பாட்டில் சொன்னவன் தன் ஊரை விட்டுவிட்டா சொல்லியிருப்பான் என்று நாம் கேட்கலாம். காவியம் அச்சில் வந்தது 1967-ல், அவர் இறந்து, தங்கனிக்காவும் (இன்றைய தான்சானியாவின் நிலப்பகுதி) விடுதலை பெற்ற பிறகு. அந்த வாசகர்களுக்குத் தலைப்பு வேறு மாதிரித்தான் கேட்டிருக்கும்.

நீளத்தைப் பார்த்துப் பிரமிக்கலாம், ஆனால் முழுக்க ரசித்துப் படித்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். அவருடைய உரைநடைதான் அவரை நிற்கவைக்கிறது.

விடுதலைக்குப் பிறகு இந்த வடிவம் மறைந்துவிட்டதா?

இல்லை. தான்சானியக் குடியரசைப் பற்றியும் உஜாமா என்ற சோஷலிசக் கொள்கையைப் பற்றியும் உத்தென்ஸிகள் வந்தன. 1978-79-ல் உகாண்டாவின் இடி அமீனுடன் நடந்த ககேரா போரை ஹென்றி முஹனிகா உத்தென்ஸியாகப் பாடி 1981-ல் வெளியிட்டார். இந்த முறை பாடியவர் பக்கம் வென்றிருந்தது.

எதிலிருந்து தொடங்கலாம்?

ஸ்வாஹிலி தெரியாது என்றால் ஆங்கில மொழிபெயர்ப்பு வழிதான். முதலில் லியோங்கோவைப் படியுங்கள், கதைக்காகவே படிக்கலாம். அடுத்து முவானா குபோனா, நூறு பாட்டுத்தான். அதற்குப் பிறகு ஹெமெதி. மாஜி மாஜி காவியத்தை அந்த எழுச்சியின் வரலாற்றை ஓரளவு படித்த பிறகு எடுங்கள், இல்லையென்றால் ஊர்ப்பெயர்களில் தொலைந்துபோவீர்கள். ஓதுவதன் ஒலிப்பதிவு கிடைத்தால் பொருள் புரியாவிட்டாலும் ஒருமுறை கேளுங்கள். நான்காவது துண்டு திரும்பத் திரும்ப ஒரே ஒலியில் வந்து விழுவது பத்துப் பாட்டுக்குள் காதில் பிடிபடும்.